வேட்டைக்கு ஒரு குடவோலை

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக மேலேறிச் செல்வோர், கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளியை அடைகின்றனர். மாலை மயங்கும் வேளையில் அங்கே மரைகள் கூட்டமாகப் புல் மேய்வதைக் காணலாம். மனிதரைக் கண்டு அவை பெரிதும் மருள்வதில்லை. ஆனால், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அவற்றின் முன்னோருக்கு இந்த நிம்மதி வாய்க்கவில்லை.

காட்டு விலங்கு தனி ஒருவருடைய சொத்தன்று. ஆகவே அது எல்லோருக்கும் பொதுவானது. வேட்டையை விரும்புவோர் பலர், விலங்குகளோ சில. அந்நிலையில் யாருக்கு அனுமதி கொடுப்பது? மலைநாட்டின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடையைத் தந்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் வேறொரு விடையைத் தந்துள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

மலைநாட்டில் முதலில் வரம்பு என்பதே இருக்கவில்லை. மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அவருக்குப் பின் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் வீழ்த்துவதில் 1855 வரை தம் பொழுதைப் போக்கினார். அரசாங்கமும் யானையைப் பயிருக்குப் பகையாகக் கருதிக் கொன்றவர்களுக்குச் சன்மானம் வழங்கியது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 யானைகள் இவ்வாறு மடிந்தன. காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. துப்பாக்கி தொடங்கிய வேலையைக் கோடரி முடித்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஹோர்ட்டன் சமவெளியில் யானையே இல்லாமற் போயிற்று.

அந்நாளில் துப்பாக்கி துரைமார் கையில் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வேட்டையில் கிடைத்த பங்கு, புதரைக் கலைத்து விலங்கை விரட்டுவதும் சுமை தூக்குவதுமேயாகும்.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1891இன் சட்டம் யானையும் எருமையும் வீணே அழிக்கப்படுவதைத் தடுக்க முற்பட்டது. 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதிப் பத்திரம், கட்டணம், வேட்டைப் பருவம் என்பன வேலிகளாக அமைந்தன. ஆனால் இத்தகைய வேலியில் ஓர் இடைவெளி உண்டு. ஒருவர் எத்தனை விலங்குகளைக் கொல்லலாம் என்று வரையறுத்தாலும், எத்தனை பேர் பத்திரம் பெறலாம் என்று வரையறுக்காவிட்டால் மொத்தக் கணக்கு வரம்பின்றியே நிற்கும். கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைக்கலாம். அப்போது விலகி நிற்பவன் ஏழை ஒருவனே.

அதே 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிட்மன்–றொபேட்சன் சட்டம் பிறந்தது. வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி வனவிலங்குப் பணிக்கே செலவிடப்பட வேண்டும் என அது வகுத்தது. அங்கே மாநில அதிகாரிகள் முதலில் விலங்குகளைக் கணக்கெடுக்கின்றனர். நிலத்தைப் பல பிரிவுகளாக வகுத்து, எந்தப் பிரிவில் எவ்வகை விலங்கில் எத்தனையை எடுத்தால் கூட்டம் குன்றாது என்று தீர்மானிக்கின்றனர். அந்த எண்ணிக்கையையும், வேட்டைக்காரரில் எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்புவர் என்பதையும் கருதி, வழங்க வேண்டிய சீட்டுகளை நிர்ணயிக்கின்றனர். விலங்கை வீழ்த்தியவர் தம் சீட்டை அதன் உடலோடு இணைக்க வேண்டும். ஒரு சீட்டு, ஒரு விலங்கு, அவ்வளவே. விண்ணப்பங்கள் சீட்டுகளை விஞ்சினால் குலுக்கல் நடைபெறும்.

தமிழருக்குக் குலுக்கல் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. ஒருமுறை பெற்றவர் பிறருக்கு வழிவிட வேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. இதே நியாயத்தால், யூட்டா மாநிலத்தில் காட்டெருதுச் சீட்டைப் பெற்றவர் வாழ்நாளில் மீண்டும் அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

குலுக்கலிலும் பல வகைகள் உள்ளன. நியூ மெக்சிகோவில் ஆண்டுதோறும் எல்லோரும் ஒரே நிலையில் தொடங்குகின்றனர். பழைய தோல்வி அங்கே கணக்கில் வராது. எனினும் சீட்டுகளில் 84 சதவீதம் அம்மாநில மக்களுக்கே உரியது. கொலராடோவில் தோற்றவருக்கு ஆண்டுக்கொரு புள்ளி சேரும். நீண்டகாலமாக அங்கே மிகுந்த புள்ளி உடையவர் முந்தும் முறை இருந்து வந்துள்ளது. நெவாடாவின் வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சேர்ந்த புள்ளியை அதனாலேயே பெருக்கி, நடப்பு விண்ணப்பத்துக்கென ஒன்றைக் கூட்டுகின்றனர். ஐந்து புள்ளி உடையவருக்கு 26 வாய்ப்புகள், புதியவருக்கு ஒன்று. ஆயினும் அந்த ஒன்று பலிக்கவுங்கூடும்.

தோட்ட லயங்களில் சீட்டுப் பிடிக்கும் பெண்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். அவர்கள் சீட்டில் ஆள் எத்தனையோ தவணையும் அத்தனை. ஆகவே கடைசியாளுக்கும் முறை வந்தே தீரும். வேட்டைச் சீட்டில் ஆண்டுதோறும் புதியவர் வந்து சேர்கின்றனர், சீட்டுகள் பெருகுவதில்லை. எனவே புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே இருபது ஆண்டுக்கு மேல் காத்திருப்போரும் உண்டு. மற்றொரு குறையும் உண்டு. அரிய மலையாட்டுச் சீட்டுகள் சில, பாதுகாப்பு நிதிக்கென ஏலத்தில் பல இலட்சம் டொலருக்குப் போகின்றன. முன்வாசலில் தடுத்த பணப்பை பின்வாசலால் நுழைந்துவிடுகிறது.

எனினும் இம்முறையின் உயிர் குலுக்கலில் இல்லை. குலுக்கலுக்கு முன் நடைபெறும் கணக்கெடுப்பில் இருக்கிறது. எத்தனை உள்ளன என்று அறிந்த பின்னரே எத்தனையைப் பகிரலாம் என்று பேசுகின்றனர். பகிர இடமில்லையெனில் அவ்வாண்டு குடம் வெறுமையாகவே இருக்கும்.

மலைநாட்டில் இன்று அத்தகைய குடம் தேவையில்லை. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று; மரையையும் சிறுத்தையையும் பொழுதுபோக்குக்காகச் சுட எவருக்கும் அனுமதி கிடையாது. ஆனால் தேயிலை மலைகளின் ஓரத்தில் வேறொரு வேட்டை நடக்கிறது. காய்கறித் தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகவும் அதன் இறைச்சிக்காகவும் கம்பிச் சுருக்குகள் வைக்கப்படுகின்றன. அச்சுருக்கு, பன்றி எது, சிறுத்தை எது என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை ஒன்று மீட்கப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாள்களில் இறந்தது.

சுருக்குக்குப் பருவம் இல்லை, எண்ணிக்கை இல்லை, பெயர் இல்லை. றொஜர்ஸின் துப்பாக்கிக்கும் இவை இருக்கவில்லை. ஒன்று செல்வனின் விளையாட்டு. மற்றது பெரும்பாலும் வறியவனின் தேவை. வறியவனின் பயிருக்குக் காவலும் இழப்புக்கு ஈடும் கிடைக்க வழிசெய்வது அவனைத் தண்டிப்பதைவிட நெடுநாள் பயன் தரும். அதற்கும் முதற்படி, மலையில் எஞ்சியிருப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதுதான். யானைகளை எவரும் அவ்வாறு எண்ணவில்லை. இன்று சமவெளியில் எண்ணுவதற்கு ஒன்றுகூட இல்லை.