நோட்டின் பின்புறத்துத் தமிழ்



நாம் டில்லியில் வாழினும் கொல்கத்தாவில் வாழினும், நம் கைக்கு வரும் பத்து ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தமிழ் இருக்கிறது. அங்கே வரிசையாக நிற்கும் 15 மொழிகளில் அது 13-ஆவது. நம் குழந்தைகளுக்குப் பொருளாதாரம் புகட்ட இதுவே முதற்பாடமாகலாம்.

முன்புறத்தில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழியும் கையொப்பமும் உள்ளன. விலைவாசி கட்டுக்குள் நின்றால்தான் அவ்வுறுதிமொழிக்குப் பொருளுண்டு. 2016-ஆம் ஆண்டில் விலையேற்றத்துக்கு 4 விழுக்காடு என இலக்கு வகுக்கப்பட்டது. வட்டியை முடிவு செய்யும் பொறுப்பு அறுவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் பெறும் கடனுக்குரிய வட்டியை அக்குழு உயர்த்தினால், நாம் வாங்கும் வீட்டுக்கடனின் வட்டியும் உயரும், செலவு சுருங்கும், விலைகளும் மெல்லத் தணியும்.

இவற்றைக் கற்கப் பெரிய நூலகம் தேடவேண்டுவதில்லை. குழு கூடிய 14-ஆம் நாளில், யார் எவ்வாறு வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்பதை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சிறுவர்க்கெனப் படக்கதைகளும் அங்கே உண்டு.

எனினும், 'இன்ஃப்ளேஷன்' என்று பள்ளியில் மனனம் செய்த பிள்ளை, ஊரிலுள்ள பாட்டிக்கு அவருடைய ஓய்வூதியம் ஏன் போதவில்லை என்று விளக்க இயலாதாயின், அக்கல்வி பாதியே. பணவீக்கம் என்ற சொல்லையும் அதன் பொருளையும் தமிழில் சொல்லித்தருவது நம் கடமை. இன்றிரவே நோட்டொன்றை எடுத்துப் பிள்ளைகளோடு அமர்வோமாக.