தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்: வீடியோ கேம் தொகைகள் பற்றி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆண்டுதோறும் பதிப்பியலை ஒட்டியே அமைய வேண்டும் என்பது, இது யார் நினைவாக அமைந்ததோ அந்தப் பேராசிரியரின் விருப்பம். இந்த ஆண்டு வீடியோ கேம்களைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். பேராசிரியர் இருந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் வகுப்பில் எந்தத் தொகைநூலை எடுத்தாலும் முதலில் மூன்று கேள்விகள் வரும். தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்? விடுபட்டது எது? ஐங்குறுநூற்றுக்கு முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை உண்டு. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேரமன்னர். குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவின் பெயர் கிடைத்தது. தொகுப்பித்தவர் பெயர் கிடைக்கவில்லை. நற்றிணையில் அப்படியே தலைகீழ். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் போயே போய்விட்டன. இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று வேறொரு வகைத் தொகையிடம் கேட்கப் போகிறேன்.

அந்தத் தொகை என் கைக்கு வந்தது 1992இல். எனக்குப் பத்து வயது, இங்கே திருவனந்தபுரத்தில் கரமனையில் இருந்தோம். ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பக்கத்து வீட்டு மாமா ஒரு டிவி கேம் பெட்டி கொண்டுவந்தார். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல் அது. அந்த நாளில் இந்த ஊரில் வளைகுடா வேலையில் ஆளில்லாத தெரு குறைவு. வீட்டுக்கு அப்படிப் பெட்டி வராதவர்களுக்கு வெளிநாட்டுப் பொருள் விற்கும் பீமாப்பள்ளிக் கடைகள் இருந்தன. பெட்டியோடு மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட் வந்தது. அதன் மேல் 9999 இன் 1 என்று எழுதியிருந்தது. டிவி திரையில் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே உண்மையில் இருந்தவை சில பத்து விளையாட்டுகள்தாம். அதே மாரியோ இரண்டாம் ஸ்டேஜிலிருந்து தொடங்கினால் ஒரு வரிசை எண், மூன்றாம் ஸ்டேஜிலிருந்து தொடங்கினால் இன்னொரு வரிசை எண்.

ஓர் ஏமாற்று வேலைதான். ஆனால் அதன் கைத்திறனையும் சொல்ல வேண்டும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் அதைப் பலமுறை வைத்துவிடலாம். கான்ட்ரா 128 கிலோபைட். இப்படிப் பல விளையாட்டுகளை ஒரே நினைவகச் சில்லில் அடுத்தடுத்து எழுதி, பட்டியலில் நாம் தேர்ந்ததற்கு ஏற்ப இயந்திரத்தின் பார்வையை அந்தப் பகுதிக்குத் திருப்பிவிட ஒரு சிறு சுற்று வைத்திருப்பார்கள். சுவடிக்கட்டில் வேண்டிய ஏட்டைப் புரட்டி நிறுத்துவது போன்ற வேலை.

ஆனால் பல விளையாட்டுகளின் முகப்பில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டிருந்தன. ரோடு ஃபைட்டரைச் செய்தது கோனாமி, பேட்டில் சிட்டியைச் செய்தது நாம்கோ என்பதெல்லாம் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். கரமனைப் பிள்ளைகளுக்கு அவை நாட்டார் பாடல்கள் போல ஆசிரியர் இல்லாமலே வந்து சேர்ந்தன. மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் கான்ட்ராவில் முப்பது லைஃப் கிடைக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். யார் யாருக்குச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அதை முதலில் வைத்தவர் கசுஹிசா ஹாஷிமோடோ. 1986இல் கிரேடியஸ் விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கக்கூடத் தமக்குக் கடினமாக இருந்ததால் தம் வசதிக்காக வைத்தார். 2020இல் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோதுதான், என் பால்யத்தின் மனப்பாட வரிக்கு ஓர் ஆசிரியர் இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் கண் கலங்கியது.

இந்த ஊருக்குப் பெயரழிந்த சுவடி புதிதல்ல. 1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் சமஸ்கிருத அறிஞர் கணபதி சாஸ்திரியார் ஒரே சுவடிக்கட்டில் பல நாடகங்களைக் கண்டெடுத்தார். மேலும் சில பின்னர்க் கிடைக்க, மொத்தம் பதின்மூன்று. 1912 முதல் அவை திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் வெளிவந்தன. எந்த நாடகத்தின் முன்னுரைக் காட்சியிலும் ஆசிரியர் பெயர் இல்லை. பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசன் எழுதியவை என்றார் சாஸ்திரியார். அறிஞர்களின் வாதம் இன்னும் ஓயவில்லை. தொகுத்த கை பெயரை விட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு எத்தனை தலைமுறை வேலை என்பதற்கு இந்த ஊர்ப் பதிப்பே சான்று. சங்கத்தொகை செய்தவர்கள் இதில் எவ்வளவு பொறுப்பாக இருந்தார்கள்! பெயர் கிடைக்காத புலவரைப் பாட்டில் அவரே ஆண்ட தொடரால் செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார் என்று குறித்து வைத்தார்கள். முடிந்தவரை, பெயரில்லாமல் ஒரு பாட்டை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

இனி, உரிமையாளர்களே வெளியிடும் தொகைகளுக்கு வருகிறேன். நீண்டகாலம் தொடர்ந்து வந்த ஒரு வரிசையின் பழைய விளையாட்டுகளைக் கட்டாகச் சேர்த்து, புது இயந்திரத்துக்கு ஏற்ப மறுபடி விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கான்ட்ரா.

கான்ட்ரா 1987இல் ஆர்கேட் பெட்டியில் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வீட்டுக்கு வந்தது. வீட்டுப் பதிப்பிலேயே பாடபேதம் உண்டு. ஜப்பானியப் பதிப்பில் முதல் ஸ்டேஜில் மர இலைகள் காற்றில் அசையும். பனி ஸ்டேஜில் பனி பெய்யும். ஸ்டேஜுகளுக்கு நடுவே வரைபடமும் சிறு காட்சிகளும் வரும். கேசட்டுக்குள் கோனாமி தானே செய்த ஒரு சில்லு இருந்ததால் அது முடிந்தது. அமெரிக்கக் கேசட்டில் அந்தச் சில்லு இல்லை; இலை அசையவில்லை, பனியும் பெய்யவில்லை. ஐரோப்பாவுக்குப் போனபோது பெயரே புரோபோடெக்டர் என்று மாறியது. இளைஞர்கள் பார்க்கும் வன்முறை குறித்து ஜெர்மனியில் இருந்த கடுமையான விதிகளுக்காக மனித வீரர்கள் ரோபோக்கள் ஆனார்கள். ஒரே ஆட்டம், ஒரே ஓட்டம், ஒரே துப்பாக்கி. ஆனால் ஓடுகிறவன் மனிதனா எந்திரமா என்பது பிரதிக்குப் பிரதி வேறு. இதைப் பாடபேதம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

1969இல் தொடங்கிய கோனாமி தன் பொன்விழாவை ஒட்டி, 2019 ஜூனில் ஒரு கான்ட்ராத் தொகையை வெளியிட்டது. தொகுத்தவர்கள் எம்2 என்ற ஜப்பானிய நிறுவனத்தார். பழைய இயந்திரத்தின் நடத்தையைப் புது இயந்திரத்தில் துல்லியமாக எழுப்புவதில் பேர்போனவர்கள். பத்து விளையாட்டுகள். ஆர்கேட் கான்ட்ராவும், அமெரிக்கப் பதிப்பும், இலை அசையும் ஜப்பானியப் பதிப்பும் தனித்தனியே இடம்பெற்றன. பின்னால் வந்த கான்ட்ராக்களில் மனித வடிவத்துக்குப் பக்கத்திலேயே ரோபோ வடிவமும் வைக்கப்பட்டது. கூடவே வரிசையின் வரலாற்றைச் சொல்லும் ஒரு மின்னூல். எந்தப் பாடம் மூலம், எது திரிபு என்று தீர்ப்புச் சொல்லாமல் எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஏடு ஏடாக ஒப்பிட்டு அடிக்குறிப்பில் பேதங்களைத் தந்த நம் பதிப்பாசிரியர்கள் இதைப் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

தொகுப்பவருக்கு நாள்தோறும் வரும் இன்னொரு சங்கடத்தைச் சொல்கிறேன். பழைய நின்டெண்டோ இயந்திரத்தால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று மறையும், அதைச் சமாளிக்க நிரலாளர்கள் உருவங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள், படம் மினுக்கும். எதிரிகள் கூடிவிட்டால் ஆட்டமே மெதுவாகும். இன்றைய இயந்திரத்துக்கு இந்தக் குறை இல்லை. திருத்திவிடலாமா? 2015இல் மெகா மேன் விளையாட்டின் முதல் ஆறு பாகங்களைத் தொகுத்த டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனத்தார் மினுக்கத்தையும் மெதுவையும் அப்படியே விட்டார்கள். நான் அவர்கள் பக்கம். அந்தத் தாமதத்தை எதிர்பார்த்துத்தான் அன்றைய பிள்ளைகள் குதிக்கப் பழகினார்கள். யாப்புத் தவறியது போல் தெரியும் ஓர் அடியைத் தம் காதுக்கு ஏற்பத் திருத்திவிட்ட பதிப்புகளால் நாம் பட்ட பாடு கொஞ்சமா?

1993இல் நின்டெண்டோ சூப்பர் மாரியோ ஆல் ஸ்டார்ஸ் தொகையில் எல்லாப் படங்களையும் புதிதாக வரைந்தது. மூலத்தைத் தேடுகிறவனுக்கு அது உதவாது. ஆனால் அதே தொகைதான், 1986இல் ஜப்பானில் மட்டும் வெளியான ஒரு மாரியோ பாகத்தை மேலை நாடுகளுக்கு முதன்முதலாகத் தந்தது. பத்தாம்பத்து கிடைத்தாற்போல.

முன்னுரையும் ஆசிரியர் வரலாறும் அரும்பத அகராதியும் கொண்டதுதான் பதிப்பு என்று உ.வே.சாமிநாதையர் நமக்குப் பழக்கிவிட்டார். அந்த அளவுக்கு உழைத்த கேம் தொகை 2022இல் வந்தது. அட்டாரி 50, மறுபடியும் டிஜிட்டல் எக்லிப்ஸின் வேலை. கால வரிசையில் நடந்துபோக, அன்றைய வரைபடங்கள், கடிதங்கள், விளம்பரங்கள், ஆக்கியோரின் நேர்காணல்கள் எல்லாம் வரும், நடுநடுவே விளையாட்டுகள். அதில் உள்ளது 1980இன் அட்வெஞ்சர் என்ற விளையாட்டு. அந்நாளில் அட்டாரி நிறுவனம் ஆக்கியோர் பெயரை வெளியிடுவதில்லை. அதை ஆக்கிய வாரன் ராபினெட் தம் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் எழுதி, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு புள்ளியை அதற்குச் சாவியாக்கினார். யாராவது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை. ஒரு சிறுவன் கண்டுபிடித்தான். அந்த அறையைக் கெடுக்காமல் தந்த தொகைக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

தொகுப்பித்தவர் நினைத்தால் தொகை எப்படிக் கெடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாரியோ விளையாட்டுகளைச் சேர்த்த ஒரு தொகையை நின்டெண்டோ 2020 செப்டம்பர் 18இல் வெளியிட்டு, 2021 மார்ச் 31உடன் விற்பனையை நிறுத்தியது. 2022இல் செகா நிறுவனம், சோனிக் ஆரிஜின்ஸ் என்ற தொகை வருவதற்கு முன்பே, தனித்தனியே கிடைத்துவந்த பழைய சோனிக் விளையாட்டுகளைப் பல இணையக் கடைகளிலிருந்து மே 20இல் எடுத்துவிட்டது. வந்த தொகையில் சோனிக் மூன்றாம் பாகத்தின் சில இசைகள் மாறியிருந்தன. புதிய பதிப்பு வந்தால் பழையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வாசகரின் உரிமை. பழையதைக் கடையிலிருந்து எடுத்தபின் எதனோடு ஒப்பிடுவது? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. எவை விற்கும் என்று நிறுவனம் நினைக்கிறதோ அவையே தொகைக்குள் வரும். மற்றவை ஏட்டோடு போகும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 1954இன் நூல் ஒப்படைப்புச் சட்டத்தால் நம் நாட்டில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வீடியோ கேமுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. அதைக் கட்டத் தகுந்த ஊர் இது: 1829இல் தொடங்கிய பொதுநூலகம் இருக்கும் ஊர். 1990இல் டெக்னோபார்க்கைத் தொடங்கிய ஊர். 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்ததும் இங்கேதான். மூல நிரல் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டூம் என்ற விளையாட்டு சாட்சி: 1997இல் அதன் நிரலை வெளியிட்டார்கள், அதன்பின் வந்த கணினிகளில் அதை ஓட்டிப் பார்க்காதவை குறைவு. பல்கலைக்கழகத்தின் கரியவட்டம் வளாகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு ஓர் இடம் உண்டு. அதே வளாகத்தில் ஒரு சிறு அறையும், இரண்டு பழைய குழாய் டிவியும், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும் என்று துணைவேந்தர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

என் கேசட்டுக்குத் திரும்பும் முன் பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளையைச் சொல்ல வேண்டும். அவர் இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்தவர். 1951 முதல் 1954 வரை இங்கே தமிழ்த்துறைத் தலைவராகவும் இருந்தவர். 1940இல் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பில் அவர் தொகைகளைக் கலைத்து, பாடல்களைப் புலவர்வாரியாக அடுக்கினார். கபிலர் பாடியவை எல்லாம் ஓரிடத்தில், ஔவையார் பாடியவை எல்லாம் ஓரிடத்தில். பேராசிரியர் அந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாடம் சொல்வார். அந்த முறையை நான் என் மஞ்சள் கேசட்டுக்குச் செய்து பார்த்தேன்.

கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிறுவயதில் ஓடாவிட்டால் வாயால் ஊதுவோம்; அந்த ஈரம் பற்களை அரிக்கும் என்று அப்போது தெரியாது. சென்ற மாதம் பற்களைச் சாராயம் தொட்ட பஞ்சால் துடைத்துப் போட்டேன், ஓடியது. வரிசை எண்களைக் கழித்துப் பார்த்ததில் உண்மையான விளையாட்டுகள் நாற்பத்திரண்டு. அவற்றை ஆக்கிய நிறுவனவாரியாக அடுக்கி, ஆண்டு, மூலப்பெயர், கேசட்டில் மாற்றிய பெயர், முகப்பில் அழித்தது என்ன என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்பதுக்கு ஆக்கியோர் தெரிந்துவிட்டது. மூன்றுக்குத் தெரியவில்லை. ஒன்றில் ஒரு மீன். ஒன்றில் ஏணி ஏறும் கிழவர். ஒன்றில் வெறும் கட்டைகள். அவற்றை மீனார், ஏணிக்கிழார், கட்டையார் என்று எழுதி வைத்திருக்கிறேன். கேசட்டையும் நோட்டையும் இன்று துறைத்தலைவரிடம் ஒப்படைக்கிறேன். வெளியே மேசையில் டிவி இணைத்து வைத்திருக்கிறது. அந்த மூவரையும் யாராவது அடையாளம் கண்டால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.