கண்ணாடி இழையும் கடைமடையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் காப்பியம் பேசாமல் கண்ணாடிக் கம்பியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம்முள் பலர் உழவர் குடியில் தோன்றி, பிழைப்பின் பொருட்டு இம்மாளவ நாட்டிற்கு வந்தவர்கள். ஆதலின் இது நமக்கு அயலான செய்தியன்று.

மயிரிழை போன்ற தூய கண்ணாடி இழையின் ஒரு முனையில் புகும் ஒளி, வெளியே சிதறாது உள்ளேயே தெறித்துத் தெறித்து மறுமுனையை அடைகிறது. இக்கலைக்குப் பெயரிட்டவர் பஞ்சாபின் மோகாவில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கோதுமை மண்ணில் பிறந்தவர் வளர்த்த கலை, கோதுமை விளைவிப்போரை நாடி வர அரை நூற்றாண்டாயிற்று!

2011-ஆம் ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை இழையால் இணைக்கும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2015-இல் அது 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. 2017 டிசம்பரில் ஓர் இலட்சம் ஊராட்சிகளுக்கான முதற்கட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. முடிந்தது என்பது ஏட்டுக் கணக்கு. இழை ஊராட்சிக் கட்டடத்தோடு நின்றுவிட்ட ஊர்கள் பல. மின்சாரம் போனால் பெட்டி உறங்கும். சாலை தோண்டுவோரின் கடப்பாரை பட்டால் இழை அறும். அறுந்ததை ஒட்டப் பயின்ற கைகளோ அருகில் இரா.

தஞ்சைத் தரணியிலிருந்து வந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தலைமடையில் உடைப்பெடுத்தால் கடைமடை காய்கிறதன்றோ? வட்டாரத் தலைநகரிலிருந்து ஒரே கோடாய்ச் சென்ற இழைக்கும் அதே கதிதான். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம், இழையை வளையமாகச் சுற்றி அமைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்தால் செய்தி வரும். பத்தாண்டுப் பராமரிப்பும் அதனுள் அடங்கும். இப்பராமரிப்பையே யாம் பெரிதாக மதிக்கிறோம். வாய்க்கால் வெட்டுவதினும் தூர் வாருவது அன்றோ கடினம்!

"கையில் கைப்பேசி இருக்கையில் இழை எதற்கு?" என்று வினவுவாரும் உளர். கைப்பேசிக் கோபுரம் தான் பெறுவதை வேறொரு வழியால் தொலைவுக்கு அனுப்பியாக வேண்டும். அவ்வழி குறுகியதாயின், ஊரார் ஒருங்கே பயன்படுத்தும் மாலை வேளையில் படம் நகராது நிற்கும்.

உழவனுக்கு இதனால் வரும் பயனை இம்மாநிலமே முன்னர்க் கண்டிருக்கிறது. 2000-இல் ஐ.டி.சி. நிறுவனம் சோயா விளையும் சிற்றூர்களில் 'இ-சௌபால்' என்னும் கணிப்பொறி நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பிகள் நம்பத்தக்கனவாக இல்லாமையால் செயற்கைக்கோள் தொடர்பையும் நாட வேண்டியதாயிற்று. அதுவரை விளைச்சலை வண்டியேற்றி மண்டி சேர்ந்த பின்னரே விலை தெரியும். திரும்பக் கொண்டுபோக வண்டிச் சத்தம் இடங்கொடாது. விலையை வீட்டிலேயே அறிந்தவன், விற்பதா பொறுப்பதா என்று தானே முடிவு செய்தான்.

நம் தமிழகத்திலும் 12,525 ஊராட்சிகளை இணைக்க 'டான்பிநெட்' என்னும் அரசு நிறுவனம் அமைந்தது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், தத்தம் ஊராட்சி அலுவலகத்தில் அப்பெட்டி உண்டா, அதன் விளக்கு எரிகிறதா, பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் இழை சென்றதா என்று கேட்டு வருக. பழுதெனில் எழுத வேண்டிய முறையீட்டை வரைந்து தர, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் இருவர் இசைந்துள்ளனர். அவர்கள் ஞாயிறுதோறும் மாலையில் சங்க நூலகத்தில் இருப்பார்கள்.