கொரிய நாட்டு எண்மர் வழக்கு

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் வகுப்பிற் சிலப்பதிகாரம் பாடஞ்சொல்லுங்கால் மாணாக்கனொருவன் எழுந்து, “ஐயா, பாண்டியன் ஒருநாள் பொறுத்திருந்தால் என்ன?” என வினவினான். அன்று யாம் நேரிய விடை கூறாது மேற்சென்றோம். பொற்கொல்லன் சொற்கேட்ட வேந்தன் கோவலனை ஒருமுறையேனும் அழைத்து வினவினானல்லன். அது பழங்காலத்துச் செய்தியென்றே கருதியிருந்தோம். தென்கொரியாவில் 1975-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கற்றறிந்தபின் அங்ஙனம் கருத இயலவில்லை. அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

அந்நாட்டில் 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. வடகொரியப் பொதுவுடைமை அரசுக்குத் துணைபோவாரை ஒறுப்பது அதன் நோக்கம். எல்லைக்கப்பால் மெய்யாகவே பகை இருந்தது; 1950-இல் போரும் மூண்டது. ஆதலின் அவர்தம் அச்சம் வீணென்று யாம் கூறோம். ஆயினும் அச்சத்தைக் காட்டி ஆளுதல் எளிதென்பதைப் பின்வந்த குடியரசுத் தலைவர் பார்க் சுங் ஹீ நன்கறிந்திருந்தார். அவர் 1972-இல் அரசியலமைப்பையே மாற்றித் தம் பதவிக்கு எல்லையில்லாதவாறு செய்துகொண்டார். மாணவர் கிளர்ந்தனர். 1974 சனவரியில் நெருக்கடி ஆணைகள் பிறந்தன. அவற்றை மீறிய குடிமக்களை விசாரிக்கப் படைத்துறை நீதிமன்றங்கள் அமைந்தன.

அவ்வாண்டு ஏப்ரலில் உளவுத்துறையினர், ‘மக்கள் புரட்சிக் கட்சி’யை மீண்டும் நிறுவ முயன்ற மறைகுழுவொன்றே மாணவரைத் தூண்டிற்று என அறிவித்தனர். ஆயிரவர்க்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். வதைத்துப் பெற்ற வாக்குமூலங்களே பெருஞ்சான்று. சிறைப்பட்டோரைக் காணக் குடும்பத்தார்க்கு இசைவு தரப்பெறவில்லை. படைத்துறை மன்றம் எண்மருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. அவ்வெண்மருள் பள்ளியாசிரியத் தொழில் புரிந்தாரும் உளர் என்பதைப் படித்தபோது, ஏட்டை மூடிவைத்துச் சிறிதுநேரம் வாளா இருந்தோம். அவர்கட்காக வெளிப்படையாக வழிபாடு செய்த குற்றத்துக்காக ஜார்ஜ் ஓகிள் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1974 டிசம்பரில் நாடு கடத்தப்பட்டார். வேண்டுதலும் அந்நாளிற் குற்றமாயிற்று!

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1975 ஏப்ரல் 8-ஆம் நாள் அம்மன்றம் தண்டனையை உறுதிசெய்தது. நீதிபதிகளுள் லீ இல் கியூ ஒருவரே மாறுபட்டுரைத்தார். மறுவிசாரணை வேண்டுவதற்குச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அவ்வழியில் ஓரடியெடுத்து வைக்கவும் பொழுதில்லை. மறுநாள் விடியற்காலையில், தீர்ப்புரைத்து இருபது மணிநேரங் கழியுமுன், சியோல் நகரத்துச் சொதேமுன் சிறையில் எண்மரும் தூக்கிலிடப்பட்டனர். அச்சிறை 1908-இல் சப்பானியர் கட்டியது. கொரிய விடுதலை வீரர் பலர் அதிலேயே மாண்டனர். அயலான் எழுப்பிய கொலைக்களத்தைத் தன்னாட்டரசே தன் மக்கட்குப் பயன்படுத்தியதை என்னென்பது? சிலருடைய உடல்களைக் குடும்பத்தாரிடம் ஒப்புவியாது அரசினரே எரித்தனர். உடலில் வதையின் தழும்பு இருந்திருக்குமன்றோ!

பாண்டியன் தன் பிழை உணர்ந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான். பார்க் சுங் ஹீயோ 1979 அக்டோபர் 26-ஆம் நாள் தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுடப்பட்டிறந்தார். பிழை உணர்ந்து இறந்தாரல்லர்.

பின்னர்க் குடியாட்சி மீண்டது. 2002-இல் அரசு அமைத்த ஆய்வுக்குழு, அவ்வழக்கு புனையப்பட்டதெனக் கண்டுரைத்தது. மறுவிசாரணை தொடங்கி, 2007 சனவரி 23-ஆம் நாள் சியோல் நீதிமன்றம் எண்மரும் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. பாதுகாப்புச் சட்டம் இன்றும் அங்கே நடப்பிலுள்ளது.

கொல்லுதற்கு ஓரிரவு போதியதாயிற்று. கொன்றது தவறென்று அதே நாட்டு நீதிமன்றம் கூறுதற்கு ஏறத்தாழ 32 ஆண்டுகள் சென்றன. இளம்பருவத்திற் கணவரை இழந்த மகளிர், முதுமையெய்திய பின்னரே அச்சொல்லைக் கேட்டனர்.