விமானத்தில் பனிச்சறுக்குச் சாமான்கள்



பார்சல் ஆபீசில் இருபது ஆண்டுகளாக மூட்டைகளை நிறுத்து ரசீது எழுதும் குமாஸ்தா நான். பனியில் சறுக்கி அறியேன். எனினும், நமது காலனிப் பிள்ளைகள் சிலர் தில்லியிலிருந்து விமானமேறிக் காஷ்மீரத்துக் குல்மார்க்கிற்குப் பனிச்சறுக்குப் பயிலச் செல்கின்றனர். மூட்டை கட்டுவதைப் பற்றியாவது சிறிது சொல்லலாமன்றோ?

சென்ற ஆண்டு என் தமக்கை மகன் பூட்ஸையும் சறுக்குப் பலகைகளோடு ஒரே பையில் கட்டிச் சரக்கறைக்கு அனுப்பினான். ஸ்ரீநகரில் அவன் இறங்கினான்; பை இறங்கவில்லை. பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைத்தன. ஆனால் அந்தக் கெட்டிப் பூட்ஸ் அவரவர் காலுக்கென்றே அமைய வேண்டுவது. வாடகைப் பூட்ஸ் கணுக்காலைப் புண்ணாக்கிற்று. இரண்டு நாள் கழித்துப் பை வந்தபோது தன் பூட்ஸையும் அணிய இயலவில்லை. ஆறு நாள் பயிற்சியில் நான்கு நாள் அறையிலேயே கழிந்தன. ஓராண்டு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அது!

ஆகையால், விமானக் கம்பெனி இசைந்தால் பூட்ஸைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அதனுள் காலுறைகளைத் திணித்தால் இடம் மிச்சம். பலகைகளை அடிப்புறம் அடிப்புறமாகச் சேர்த்து, இடையே துணி வைத்து, வாரால் இறுக்குங்கள். ஓரத்து எஃகு விளிம்பு கத்தி போன்றது. ஊன்றுகோல்களும் அப்பையிலேயே போகட்டும். உதிரி லித்தியம் பாட்டரி மட்டும் கைப்பையில்தான் இருத்தல் வேண்டும்.

எடையை வீட்டிலேயே பாருங்கள். விலாசச் சீட்டு ஒன்றைப் பையின் உள்ளேயும் இடுங்கள். வெளிச்சீட்டு கிழிந்து, உடையவர் யாரெனத் தெரியாது கிடக்கும் மூட்டைகளை நான் நாள்தோறும் காண்கிறேன். திரும்புகையில் ஈரம் உலராமல் கட்டாதீர்கள்; விளிம்பு துருவேறும்.