கை கழுவும் நீர்



ஒரு காரியத்தின் பொறுப்பிலிருந்து ஒருவன் விலகிக்கொண்டால், அவன் கை கழுவிவிட்டான் என்று சொல்வது நம் வழக்கம். இச்சொல்லைக் கேட்டவுடன் கிறிஸ்தவர்களுக்கு ஒரு மனிதனின் நினைவு வரும். யூதேயாவை ஆண்ட போந்தியு பிலாத்து, தன் முன்னே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட இயேசு பெருமானிடம் குற்றம் ஒன்றையும் காணவில்லை. ஆயினும் கூட்டத்தின் கூக்குரலுக்கு அஞ்சினான். தண்ணீர் கொண்டுவரச் செய்து, மக்கள் யாவரும் காணத் தன் கைகளைக் கழுவினான். இந்தப் பழி தன்னைச் சேராது என்று அறிவித்தான். அதன் பின் அவரைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்தான். தடுக்கும் அதிகாரம் அவனிடம் இருந்தது. ஆகவே அந்தத் தண்ணீர் அவன் கையை நனைத்ததேயன்றிக் கறையைப் போக்கவில்லை.

வேதாகமத்தில் வேறொரு கை கழுவுதலும் உண்டு. பலர் கவனியாது கடந்து செல்லும் பகுதி அது. உபாகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் வருகிறது. வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது செய்யவேண்டியது என்ன? மூப்பர்களும் நியாயாதிபதிகளும் அவ்விடத்துக்கு வந்து, பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கவேண்டும். எந்த ஊர் மிக அருகில் உள்ளதோ, அந்த ஊரின் மூப்பர்கள் நுகம் பூட்டாத கிடாரி ஒன்றை வற்றாத நீரோடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைத் தாங்கள் சிந்தவில்லை என்று சொல்லி, மக்கள் அனைவருக்காகவும் மன்னிப்பு வேண்டவேண்டும்.

பிற்காலத்து யூத மத ஆசிரியர்கள் இதைக் குறித்து ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஊர் மூப்பர்களைக் கொலைகாரர் என்று யார் ஐயுறப் போகிறார்கள்? பின் அவர்கள் ஏன் இவ்வாறு சொல்லவேண்டும்? அதற்கு அவர்களே விடையும் கூறினார்கள். எங்கள் ஊருக்கு வந்த அந்த மனிதனை நாங்கள் உணவின்றி அனுப்பிவிடவில்லை, துணையின்றி வழியில் விட்டுவிடவில்லை என்பதே அச்சொல்லின் பொருள் என்றார்கள். அவ்வாறு சொல்ல இயலாத மூப்பன் அங்கே கை கழுவ முடியாது.

இரண்டு பேரும் கழுவியது தண்ணீரில்தான். பிலாத்து பொறுப்பை உதறுவதற்காகக் கழுவினான். மூப்பர்களோ நேரில் வந்து, தூரத்தை அளந்து, தம்மையே சோதித்த பின்னர் கழுவினார்கள். நிலமும் நீரும் கெடும் இந்நாளில், நாம் இவ்விரண்டில் எந்த வழியில் கை கழுவுகிறோம் என்பதே இன்றைய கேள்வி. இக்கேள்வியைப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் வைத்துச் சிந்திக்க விரும்புகிறேன்.

சித்தூரின் கிழக்குப் பகுதி, கேரளம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் மழை நாடு போன்றதன்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் நிலம் அது. மாநிலத்தின் பிற பகுதிகளைவிட அங்கே மழை குறைவு. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் அந்த மண்ணில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த ஒரு சிற்றூர் பிளாச்சிமடை. இரவாளர், மலசர் என்னும் பழங்குடி மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்பவர்கள். அவர்களுக்கென்று இருந்த செல்வம் கிணற்று நீர் ஒன்றே.

2000ஆம் ஆண்டில் அவ்வூரில், சுமார் 34 ஏக்கர் நிலத்தில், கொக்கோ கோலா நிறுவனத்தின் இந்தியக் கிளையொன்று குளிர்பான ஆலையைத் தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் நீர் எடுக்கப்பட்டது. ஈராண்டுகளுக்குள்ளாகவே சுற்றுப்புறக் குடியிருப்புகளின் பெண்கள் முறையிடத் தொடங்கினார்கள். கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. இருக்கும் நீரும் வாயில் வைக்க இயலாதபடி மாறிவிட்டது. அந்த நீரில் பொங்கிய சோறு விரைவில் கெடுகிறது. குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றார்கள். அவர்கள் குடிநீருக்காகக் குடத்துடன் நெடுந்தூரம் நடக்கவேண்டியதாயிற்று. 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் ஆலையின் வாயிலுக்கு எதிரே பந்தலிட்டு அமர்ந்தார்கள். அவர்களுள் முன்னின்றவர் மயிலம்மா என்னும் இரவாளப் பெண்மணி. 2007இல் அவர் காலமானார்.

இனி அளவுக் கயிற்றைக் கையில் எடுப்போம். கெட்டுப்போன அந்தக் கிணற்றிலிருந்து தொடங்கி, சுற்றிலும் அளந்து பார்ப்போம்.

முதலில் கயிறு சென்று சேர்வது ஆலையின் மதிற்சுவரை. நீரை எடுத்ததும் விற்றதும் அந்த நிறுவனமே. ஆலையிலிருந்து வெளிப்பட்ட கழிவுச் சேற்றை அது சுற்றியிருந்த உழவர்களுக்கு உரம் என்று கொடுத்தது. 2003ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வானொலியின் நிகழ்ச்சியொன்றுக்காக அந்தச் சேறு இங்கிலாந்திலுள்ள எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டது. காட்மியம், காரீயம் ஆகிய நச்சு உலோகங்கள் அதில் காணப்பட்டன. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. நீர் குறைந்தமைக்கு மழைக் குறைவே காரணம் என்று வாதிட்டது. அவ்வாண்டுகளில் மழை குறைந்ததும் உண்மைதான். ஆனால் மழை குறைந்த காலத்தில் அண்டை வீட்டாரின் கிணறு வற்றுவதைக் கண்டும் தன் இறைவையை நிறுத்தாதவனை, நம் ஊர் உழவர் எவரும் நல்லவன் என்று சொல்லமாட்டார்.

ஆயினும் கயிறு அங்கே முடிந்துவிடவில்லை. ஆலைக்கு உரிமம் அளித்தது ஊராட்சி. அதனை வரவேற்றது மாநில அரசு. வரவேற்றபோது ஓர் அணியின் ஆட்சி நடந்தது; மக்கள் பந்தலில் அமர்ந்தபோது மற்றோர் அணியின் ஆட்சி நடந்தது. ஆகவே ஒரு கட்சியை மட்டும் சுட்டிக்காட்டி மற்றவர் தப்பித்துக்கொள்ள வழியில்லை. மாசைக் கண்காணிப்பதற்கென்றே அமைந்த அலுவலகங்கள் இருந்தன. அந்தச் சேற்றின் தன்மையை உலகம் அறியக் கடல் கடந்த ஒரு வானொலி வரவேண்டியிருந்தது.

இன்னும் அளப்போம். இலவசமாகக் கிடைக்கிறதென்று அந்தச் சேற்றை வாங்கித் தென்னையின் அடியில் இட்ட உழவர்கள் இருந்தார்கள். அறியாமல் செய்தார்கள், அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. எனினும் கேளாமல் பெற்ற ஈவு நம் மண்ணைக் கெடுத்தது. ஆலையில் வேலை பெற்ற சில நூறு பேர் இருந்தார்கள். வயிற்றுப் பிழைப்பைக் குறை கூறலாகாது. ஆனால் ஒருவனுடைய கூலியும் இன்னொருத்தியின் குடமும் எதிரெதிரே நிற்கும்படி ஒரு தொழிலை அமைத்த சமுதாயம் குறையுடையதே.

கயிற்றின் மறுமுனை நம் வீட்டு வாசலையும் வந்தடைகிறது. அந்தப் பானம் எங்கே போயிற்று? அதை மணவிருந்துகளில் பரிமாறியவர்கள் யார்? திருவிழா நாளிலும் கிறிஸ்து பிறப்புத் திருநாளிலும் விருந்தினருக்கு அதைக் கொடுப்பதே நாகரிகம் என்று எண்ணியவர்கள் யார்? ஒரு புட்டியில் அடங்கும் பானத்தை ஆக்குவதற்கு அதைப்போல் பல மடங்கு நீர் செலவாகிறது என்பதை நாம் கேட்டறியவில்லை. விலையைக் கேட்டோம், நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில், 34ஆம் அதிகாரத்தில், இறைவன் கொழுத்த ஆடுகளைக் கடிந்துகொள்ளும் ஒரு பகுதி உண்டு. தெளிந்த நீரைத் தாங்கள் குடித்ததோடு நில்லாமல், மிஞ்சியதைக் காலால் மிதித்துக் கலக்கிவிட்டன அவை. மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கல் நீரையே குடிக்கவேண்டியதாயிற்று. இங்கே தீர்க்கதரிசி குறை காண்பது குடித்ததில் அன்று. குடித்த பின் மற்றவரை நினையாமற்போனதில். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் சிறையிருந்தோர்க்குச் சொல்லப்பட்ட இவ்வார்த்தை, பிளாச்சிமடைக்கென்றே சொன்னதுபோல் ஒலிக்கிறதன்றோ?

இவ்விடத்தில் நேயர்களுள் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். எல்லார்மேலும் பழியைப் பகிர்ந்து வைத்தால், உண்மையில் தவறு செய்தவன் கூட்டத்தில் மறைந்து தப்பிவிடமாட்டானா? இது நியாயமான ஐயம். எல்லாரும் பாவிகள் என்னும் வாக்கியத்தைப் பெரிய பாவிகள் விரும்பிக் கேட்பதுண்டு. ஆனால் மூப்பர்கள் தூரத்தை அளந்தது எதற்காக? எல்லா ஊர்க்கும் பொறுப்பு உண்டு என்றாலும் எல்லா ஊர்க்கும் ஒரே அளவு பொறுப்பு இல்லை என்பதற்காகவே. மிகுதியாக எடுத்தவன் மிகுதியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதிகாரம் உடையவன் மிகுதியாகக் கணக்குச் சொல்லவேண்டும். விலை கொடுத்து வாங்கியவனின் பங்கு அதனினும் சிறிது. சிறிது என்பதால் இல்லையென்று ஆகிவிடாது.

மேலும், பொறுப்பை ஏற்பது வருந்துவதோடு முடிவதில்லை. வரி வசூலிப்போரின் தலைவனாகிய சகேயுவின் கதையை நாம் அறிவோம். இயேசு பெருமான் அவன் வீட்டில் விருந்துண்ணச் சென்றபோது அவன் எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் வாக்களித்தான். உரோமப் பேரரசின் வரி முறையே அப்படிப்பட்டது, நான் ஒருவன் என்ன செய்வேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்ததாகப் பெருமான் அறிவித்தது அந்த வாக்குறுதிக்குப் பின்னரே.

பிளாச்சிமடையில் கணக்கு எந்த நிலையில் நிற்கிறது? வரி வருமானத்தை இழக்க நேரும் என்று அறிந்தும், உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி தீர்மானித்தது. முன்பு அளித்த உரிமத்தை அதே ஊராட்சி திருத்திக்கொண்ட செயல் அது. உண்மையான மனந்திரும்புதலுக்கு ஒரு பொது மன்றம் காட்டிய உதாரணம் என்று அதனைச் சொல்லத் தகும். அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் பொதுவான சொத்து, அரசு அதன் காவலன் என்று தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, பின் திறக்கப்படவில்லை. அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று 2017இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பைச் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமையால் அது சட்டமாகவில்லை. ஆலை மூடியது, அளவும் எடுத்தாயிற்று, திருப்பிக் கொடுப்பது மட்டும் நடைபெறவில்லை. சகேயு எழுந்து நின்ற கட்டத்துக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை.

இதில் திருச்சபை செய்யக்கூடியது யாது? போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், தூய குடிநீர் பெறுவது மனிதனின் அடிப்படை உரிமை என்று வலியுறுத்தினார். அம்மடலைப் பீடத்திலிருந்து வாசித்ததோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நம் கோயில் வளாகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் எத்தனை ஆழ்குழாய்க் கிணறுகள் உள்ளன? அவை அக்கம்பக்கத்து ஏழைகளின் கிணற்றை எவ்வாறு பாதிக்கின்றன? இதனை ஒவ்வொரு பங்கும் அளந்தறியலாம். மழை நீரைக் கூரையிலிருந்து நிலத்துக்கே திருப்பும் வேலையைத் தொடங்கலாம். பந்தியில் வைக்கும் பானம் எந்த நிலத்தின் நீர் என்று கேட்கலாம். மோரும் இளநீரும் விருந்துக்கு இழுக்காகா. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மக்களின் இழப்பீட்டுக் கோரிக்கையை அவர்களுடைய தனிக் குறையாகக் கருதாமல் நம்முடைய கடனாகக் கருதி ஆள்வோரிடம் எடுத்துரைக்கலாம்.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். இறைவனை வணங்கியவன் உடனே நினைக்கவேண்டியது நீரை என்பது தமிழர் கண்ட முறை. தாகமுள்ள எளியவன் ஒருவனுக்குக் கொடுத்த ஒரு கலசம் குளிர்ந்த நீரும் பலனில்லாமற் போகாது என்றார் இயேசு பெருமான். அந்த ஒரு கலசத்தை எளியவனிடமிருந்து எடுத்துக்கொள்வது எத்தகைய செயல் என்பதை அவ்வாக்கிலிருந்தே நாம் உணரலாம்.

சித்தூரின் அருகே ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரை அழிப்பவள் என்பது பொருள். அந்தப் பெயர் மெய்யாகவேண்டுமானால், ஆற்றங்கரையில் நிற்கும் மனிதர் தம் பங்கைச் செய்யவேண்டும். வற்றாத நீரோடும் இடத்தில் நின்றே மூப்பர்கள் கை கழுவினார்கள் என்பதை மறவாதிருப்போம். நாளை நம் பிள்ளைகள் கை கழுவுவதற்கேனும் நீர் வேண்டும் என்றால், இன்று நாம் அளக்கவேண்டியதை அளந்து, கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாக வேண்டும்.