மண்வெட்டிப் பிடியும் கமக்காரர் கையும்

ஐப்பசி மழை விழுந்துவிட்டால், கிளிநொச்சி முதல் வவுனியா வரை வன்னிக் கமக்காரர் எவரும் வீட்டில் தங்குவதில்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய பெருங்குளங்களின் கீழும், எண்ணிறந்த சிறு குளங்களின் கீழும் காலபோக வேலை தொடங்கிவிடுகிறது. உழவை இக்காலத்தில் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஆயினும் வரம்பின் உடைப்பை அடைப்பதற்கும், வாய்க்கால் நீரைத் திருப்புவதற்கும் மண்வெட்டியே வேண்டும்.

மண்வெட்டியின் தகட்டைத் தீட்டி வைக்கும் கமக்காரர், அதன் பிடியை நினைப்பது அரிது. கோடை முழுவதும் கொட்டிலில் சாத்திக் கிடந்த பிடியிலே வெடிப்புத் தோன்றியிருக்கும். சிலாம்பு எழுந்து நிற்கும். அரைநாள் வேலைக்குள் உள்ளங்கை கொப்புளித்து உடையும். “கமக்காரன் கைக்கு இது புதிதோ?” என்று நகைப்பாரும் உளர்.

நகைத்துவிடத் தக்க செய்தி அன்று இது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, எலி முதலிய விலங்குகளின் சிறுநீரோடு வயல்நீரிற் கலக்கிறது. தோலிலுள்ள காயத்தின் வழியே உடலினுட் புகுகிறது. 2008ஆம் ஆண்டு இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என ஐயுறப்பட்டனர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் அது உயிர்களைக் கவர்ந்தது. ஆகவே, பிடியிலுள்ள ஒரு சிலாம்பு நோய்க்குத் திறந்துவிட்ட வாயிலாகவும் அமையலாம்.

பிடியைச் செம்மை செய்யும் முறை எளியது. முதலில் வெடிப்பை நோக்குதல் வேண்டும். மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெடித்த பிடியைக் கம்பி சுற்றிக் காப்பாற்ற முயலலாகாது. புதுப்பிடி இடுவதே தக்கது. நாரோடு ஒட்டி மேலாகப் பிளந்த சிறு பிளவாயின், மரப்பசை இட்டு, நூலால் இறுகக் கட்டி, ஒருநாள் உலரவிடலாம்.

இரும்புத் துளையிலே பிடி ஆடினால், மண்வெட்டியை நீரில் ஊறப்போடுவது பலரின் வழக்கம். ஊறிய மரம் பருத்து இறுகுவது உண்மையே. ஆனால் பருக்க இடமின்றி, இரும்புக்குள்ளே அதன் நார்கள் நசுங்குகின்றன. உலர்ந்தபின் பிடி முன்னிலும் தளர்ந்துவிடும். வேலையின் நடுவே தகடு கழன்று காலில் விழுந்தால் விளைவு யாது என்று சொல்ல வேண்டுவதில்லை. நன்கு உலர்ந்த பிடியில், பாலை அல்லது முதிரை மரத்தாற் செய்த ஆப்பை அறைவதே உறுதியான வழி.

அடுத்தது வழவழப்பு. கத்தியின் முனையை அன்றி, அதன் விளிம்பைச் செங்குத்தாகப் பிடித்து நாரின் திசையிலே சுரண்டுக. பின்னர் முதலிற் பருமனான அரத்தாளாலும், அடுத்து நுண்ணிய அரத்தாளாலும் தேய்க்குக. அதன்மேல் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் உலர்த்தினால், படிந்துகிடந்த நுண்ணிய நார்கள் எழும். அவற்றை மீண்டும் நுண்ணிய தாளால் மெல்லத் தேய்த்துவிட்டால், பின்னர் வயலின் ஈரம் பட்டாலும் அவ்வளவாகச் சொரசொரப்பு எழாது.

அளவு மீறித் தேய்த்தலும் தீங்கே. 1973இல் பம்பாயிலே உலக அமெச்சூர் பிலியட்ஸ் பட்டம் வென்ற இலங்கையர் எம். ஜே. எம். லாபீர் கையாண்டது போன்ற ஆட்டக்கோலுக்கும் இவ்விதி பொருந்தும். கோலை அழுக்கு நீங்கத் துடைக்கலாம். மெலியத் தேய்த்தால் அதன் இயல்பே மாறிவிடும். தேய்த்தெடுத்த மரத்தை மீண்டும் ஒட்டுவார் இலர்.

இறுதியாக, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடுக. அத்துணியைச் சுருட்டி எறியலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்துதல் வேண்டும்.

இவ்வளவு செய்தபின்னும், கையிற் புண்ணுள்ளவர் அதனை மூடிக்கொண்டே வயலில் இறங்குதல் வேண்டும். சுகாதாரப் பகுதியினர் அறிவுறுத்தும் தடுப்பு மாத்திரையையும் கைவிடலாகாது. பிடியைச் செம்மை செய்தற்கோ, மழைக்கு முன்னே சில மாலைப்பொழுதுகள் போதும்.